எட்டு மணிப் படகு

எங்கள் ஊரில் பார்க்க அதிகம் இல்லை என்று நானும் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அதற்காக ஊரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இதைத் தொடங்குகிறேன்.

என் மாமனார் பத்து நாள் தங்கிப் பார்ப்பதாகச் சொல்லி வந்தார். மாமியார் காலமானபின் பெருநகரத்தில் தனியாக இருந்தவர், ஓராண்டுக்குள் இருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்திருந்தார்.

"பிடிச்சா இருக்கேன். பிடிக்கலைன்னா பதினோராம் நாள் ரயில் ஏறிடுவேன். யாரும் மூக்கைச் சிந்தக் கூடாது" என்பது அவருடைய நிபந்தனை.

அவர் எங்களுடனேயே இருந்துவிட வேண்டும் என்று என் கணவரைக் காட்டிலும் நான்தான் அதிகம் விரும்பினேன். திருமணத்திற்குப் பிறகு நான் மருந்தாளுநர் படிப்புப் படித்தபோது, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, விடியலில் எனக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவர் அவர். இன்று கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையின் கல்லாவுக்குப் பின்னால் நான் நிற்கிறேன் என்றால், அந்த விடியல்களும் அதற்குக் காரணம்.

ரயில் நிலையம் கழிமுகத்தின் அக்கரையில் இருக்கிறது. ஊருக்குள் வரப் படகு ஒன்றுதான் வழி. அவர் வந்த அன்று அந்தப் படகு பதினொரு நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. தையற்காரம்மா ஒருவர் நிலையத்தில் மறந்துவிட்ட பையை எடுத்துவர ஓடியிருந்தார். அவர் திரும்பும்வரை படகு நின்றது. படகுக்காரருக்கு ஊரில் நங்கூரம் என்றே பெயர். போட்டால் எடுக்க மாட்டார் என்பதால்.

என் மாமனார் முப்பத்தாறு ஆண்டுகள் ரயிலில் கார்டாக இருந்தவர். அவர் முகம் போன போக்கை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது என்ன படகா, கல்யாண வீடா? எல்லாரும் வந்தாதான் எடுப்பாங்களா?"

"இன்னைக்கு ஏதோ இப்படி ஆயிடுச்சு மாமா" என்றேன். அது பொய். தினமும் அப்படித்தான்.

ஊரின் அழகுகளைக் காட்ட முயன்றேன். கடற்கரைக்கு அழைத்துப் போனேன். காற்று அவர் மூக்குக்கண்ணாடியை உப்பால் மூடியது. கலங்கரை விளக்கத்துக்குப் போனோம். வண்ணம் பூசுவதற்காக மூடியிருந்தார்கள். பாறைமுனையில் ஏழாம் நாள் மாலை அரைமணி நேரம் நின்றபின், அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"இந்த ஊர்ல என்னம்மா இருக்கு? தண்ணி. அது எங்க வீட்டுக் குழாய்லயே வருது."



எட்டாம் நாள் காலை வீட்டுச் செருப்புடன் உலாவப் போனவர், மதியம்வரை திரும்பவில்லை. கடையைச் சாத்திவிட்டுத் தேடக் கிளம்பிய என்னை அவரே வழியில் மறித்தார்.

"பதினாலு நிமிஷம்மா! எனக்காக!"

நடந்தது இதுதான். எங்கள் தெரு மேட்டிலிருந்து நேராகப் படகுத்துறைக்கு இறங்குகிறது. படகில் இருப்பவர்களுக்குத் தெரு முழுவதும் தெரியும். இவர் பாதிச் சரிவில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். படகுக்கு வரும் பெரியவர் மூச்சு வாங்க நிற்கிறார் என்று எண்ணி நங்கூரம் காத்திருக்கிறார்.

"முப்பது பேர் என்னையே பார்க்கிறாங்க. அசலூர்க்காரனைப் பார்க்கிறாங்கன்னு நான் மிடுக்கா நிக்கிறேன். கடைசியில அந்தத் தையற்காரம்மா கத்துறா, 'ஐயா, பதறாம வாங்க, விழுந்துடாதீங்க, நாங்க இருக்கோம்!'னு. நான் வரலைன்னு எப்படிச் சொல்றது? ஏறிட்டேன்."

"அக்கரைக்கா மாமா?"

"பின்னே? அங்க போய் என்ன வேலைன்னு கேட்டாங்க. பேப்பர் வாங்கன்னு சொல்லித் தொலைச்சேன். மூணு பேர் ஆளுக்கு ஒண்ணா வாங்கிக் கையில குடுத்துட்டாங்க."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க அத்தை ஒரு தடவை என் வண்டிக்கு ஓடி வந்தா. நான் மறந்து வச்சிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கோட. நேரமாயிடுச்சு, கொடியைக் காட்டிட்டேன். 'கட்டினவளுக்கே நிக்காத வண்டி'ன்னு கடைசிவரைக்கும் சொல்லிச் சிரிச்சா. அவ சிரிச்சதால நானும் சிரிச்சேன்."

பேப்பர்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். மூன்று செய்தித்தாள்களையும் வீட்டில் ஒன்றுவிடாமல் படித்தார்.

ஆனாலும் பதினோராம் நாள் பெட்டி கட்டியாயிற்று. பெருநகரத்துக்கு நாளொன்றுக்கு ஒரே ரயில்; எட்டு மணிப் படகு உரிய நேரத்தில் எடுத்தால்தான் அதைப் பிடிக்க முடியும். நாங்கள் துறைக்குப் போனபோது எட்டாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. படகில் அத்தனை பேரும் முன்னதாகவே வந்து அமர்ந்திருந்தார்கள். அப்படி ஒரு காட்சியை நான் அதுவரை கண்டதில்லை.

"கார்டு ஐயா ஊருக்குப் போறாங்க. இன்னைக்கு ஒரு நாளாவது டயத்துக்கு எடுப்போம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சேன்" என்றார் நங்கூரம், சற்றுக் கூச்சத்துடன்.

மாமனார் ஏறி அமர்ந்தார். நான் கரையில் நின்றேன். சரியாக எட்டு மணிக்கு நங்கூரம் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

அப்போது தெருவின் மேட்டில் ஒரு பெண் தோன்றினாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் பை, ஓடி வந்துகொண்டிருந்தாள். எனக்கு அவளைத் தெரியாது. நங்கூரம் அவளைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார், தலையைத் தாழ்த்திக்கொண்டு கயிற்றை இழுத்தார்.

"நிறுத்துப்பா" என்றார் மாமனார்.

"ஐயா, உங்க ரயிலு..."

"தெரியும். அந்தப் பொண்ணு வரட்டும்." பிறகு எழுந்து நின்று, பிளாட்பாரத்தில் பழகிய குரலில் மேட்டை நோக்கிக் கூவினார். "மெதுவா வாம்மா! வண்டி நிக்குது!"

அவள் வந்து சேர ஆறு நிமிடமாயிற்று. படகு போயிற்று. எனக்குக் கடை திறக்கும் நேரமாகிவிட்டதால், பாதி புரிந்தும் பாதி புரியாமலும் ஓடினேன்.

பத்து மணி இருக்கும். இருமல் மருந்து கேட்டவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன். வரிசையில் அடுத்ததாக, பெட்டியைக் காலருகில் வைத்துக்கொண்டு, மாமனார் நின்றிருந்தார்.

"பிரஷர் மாத்திரை வேணும்" என்றார், முன்பின் தெரியாதவரைப் போல.

"எத்தனை நாளைக்கு மாமா?"



"ஒரு வருஷத்துக்கு ஒரேயடியாத் தருவியா?"

"மூணு மாசத்துக்குத்தான் தரலாம் மாமா. அப்புறம் டாக்டரைப் பார்க்கணும்."

"சட்டம்னா சட்டம்தான். மூணு மாசத்துக்குக் குடு. அடுத்ததுக்கு நானே வந்து வாங்கிக்கறேன்."

மாத்திரை அட்டைகளை நான் இருமுறை எண்ண வேண்டியிருந்தது. பின்னால் நின்றிருந்தவர்கள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார்கள். அவர்களுக்கு இன்றுவரை நான் நன்றி சொல்லவில்லை.