எதிராளியின் வாதம்

புத்தக அட்டையில் தம்பியின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த வடமொழி வேதாந்த உரையை வரி வரியாகத் தமிழாக்கிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் அக்கா. பதிப்பாளர் அறைக்குள் அவள் நுழைந்தபோது தம்பி சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தான். மேடையில் பேசிப் பேர் வாங்கியவன். பேசிய சரக்கெல்லாம் அக்கா கொடுத்தது.

"என் பேர் எங்கடா?"

"குடும்பத்தாருக்கு நன்றின்னு முன்னுரையில போட்டிருக்கேன்ல. அதுல நீயும் அடக்கம்தானேக்கா?"

பதிப்பாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அந்த மாதிரி நேரத்தில் மின்விசிறி ரொம்பச் சுவாரசியமான பொருள்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பாவம், இதில் போன உழைப்பு அவனுக்குத் தெரியாது, தெரிந்தால் இப்படிச் செய்வானா என்றுதான் இத்தனை வருடமும் மனசைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். துன்பத்துக்கெல்லாம் வேர் அறியாமை என்று அந்த உரையும் பக்கத்துக்குப் பக்கம் சொல்கிறது. அறியாமை என்றால் எடுத்துச் சொல்லித் தீர்த்துவிடலாம்.

"உரைக்காரர் என்ன பண்றார்? மறுக்கிறதுக்கு முன்னாடி எதிராளியோட வாதத்தை, அவனே ஒத்துக்கிற மாதிரி முழுசாச் சொல்றார். நீயும் என் கட்சியைச் சொல்லு. அப்புறம் மறு."

"இவ்வளவுதானே?" தம்பி சிரித்துக்கொண்டே கோப்பையைக் கீழே வைத்தான். "முதல் வரியிலேருந்து கடைசி வரி வரைக்கும் மொழிபெயர்த்தது நீ. எனக்கு வடமொழி எழுத்துக்கூட்டக்கூட வராது. கடைசி அத்தியாயத்துக்காகக் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டே. வந்த சம்பந்தத்தை வேண்டாம்னதும் இதுக்காகத்தான், அம்மாகிட்ட வேற காரணம் சொன்னே. மேடையில நான் கைதட்டு வாங்குறப்ப, பின்வரிசையில உக்காந்து கூடவே உதட்டை அசைப்பே. எல்லாம் உன் வாக்கியம். அட்டையில இருக்கவேண்டியது உன் பேர் மட்டும்தான். சரியா?"

பதிப்பாளர் மின்விசிறியை விட்டுவிட்டார். அக்காவால்கூட இத்தனை கச்சிதமாகச் சொல்லியிருக்க முடியாது. அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்றதன் உண்மைக் காரணத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"சரி," என்றாள். "இப்ப மறு."

"மறுப்பா? அதெல்லாம் எதுக்குக்கா? அட்டைதான் அச்சாயிடுச்சே." மிச்சக் காபியைக் குடித்தான்.

அவனை மன்னிக்க அவளிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அதையும் அவனே பிடுங்கிக்கொண்டான்.

"அப்ப எல்லாம் தெரிஞ்சேதான் பண்ணியிருக்கீங்க," என்றாள் அக்கா.

அவன் பிறந்த நாளிலிருந்து அவனை 'டா' போட்டே கூப்பிட்ட வாய் அது.