நல்லதண்ணிக் குட்டை

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புச் சுரங்கங்கள் மேல் ஜெயசுதாவுக்குத் தீராத கோபம். தோண்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளத்தில் தேங்கும் தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்று நிரூபிக்காமல் ஓய்வதில்லை என்று, ஆராய்ச்சிக்குச் சேர்ந்த அன்றே சபதம் போட்டவள். வழியும் கையில் இருந்தது. மீனின் ரத்தத்தில் ஒரு நொதி உண்டு. உடம்பில் ஈயம் ஏறினால் அது வேலையைக் குறைத்துக்கொண்டு படுத்துவிடும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்தமான தண்ணீரில் வளர்ந்த மீனும் வேண்டுமே. அதற்கு எங்கே அலைவது? வீட்டுக்குப் பின்னாலேயே நல்லதண்ணிக் குட்டை. பெயரிலேயே நல்லது இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் வரும்? கணவன் மணிவண்ணன் வலை வீசி ஜிலேபிக் கெண்டை பிடித்துக் கொடுத்தான். ரத்தம் எடுத்தது போக மிச்ச மீன் வழக்கம்போலக் குழம்புக்குப் போனது. மூன்று வயது மகள் ஆர்த்திக்கு முள் பார்த்து ஊட்டியவளும் ஜெயசுதாதான்.

பெரம்பலூரில், கல்லூரி ஆய்வகத்தில் முடிவைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளத்து மீன்கள் ஜோராக இருந்தன. நொதி படுத்துக் கிடந்தது குட்டை மீன்களில்.

"ட்யூப மாத்தி வச்சிட்டேன் போல மேடம்."

"மாத்தலம்மா. நானே திரும்பப் பாத்துட்டேன்," என்றார் வழிகாட்டி கமலவேணி. "குட்டைக்கு ஈயம் எப்புடி வந்துச்சுன்னு மொதல்ல பாரு."

பஸ் ஏறியதிலிருந்து சிமெண்ட் லாரிகளை வாய்க்குள்ளேயே திட்டித் தீர்த்தாள். புழுதியில்தான் வந்திருக்கும், வேறு எப்படி வரும்?

வீட்டுக்குப் பின்னால் மணிவண்ணன் லாரி பேட்டரிகளை உடைத்து, தகடுகளைக் குட்டையில் அலசி, வாணலியில் உருக்கிக்கொண்டிருந்தான். வலை அடியில் கோக்கக் குண்டு வார்ப்பதற்காக. சுற்றுவட்டார வலைகளுக்கெல்லாம் அவன் குண்டுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்துப் பழகிய காட்சி. ஈயக்குண்டு என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, வெறும் குண்டுதான். ஊரெல்லாம் ஈயத்தைத் தேடியவளுக்கு, பாவி, அது இன்றுதான் உறைத்தது.

"அடுப்ப அணைங்க! இனிமே ஒண்ணையும் குட்டையில அலசாதீங்க!"

"ஏன் புள்ள, பேய் அறஞ்ச மாரி நிக்கிற?"

அவள் வாய் திறக்குமுன் ஆர்த்தி ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். ஒரு பக்கக் கன்னம் உப்பியிருந்தது.

"வாயில என்னடி?"

"குண்டு."

ஜெயசுதா விரலை விட்டு அதை வெளியே எடுத்தாள்.

"வண்டிய எடுங்க. ஆஸ்பத்திரிக்குப் போயி புள்ளைக்கு ரத்தம் எடுக்கணும்."

"அட, இன்னிக்கு ஒரு நா வாயில போட்டதுக்கா?"

ஜெயசுதா உள்ளங்கையை அவனிடம் நீட்டினாள். மெத்தென்ற அந்த ஈயத்தில் இம்மி இடம் விடாமல், ஒன்றின்மேல் ஒன்றாகச் சின்னச் சின்னப் பல் தடங்கள் இருந்தன.