இன்னொரு சிட்டிகை

“மீனுக்குக் கண்ணை மூட இமையே இல்லையேப்பா, அப்புறம் அது எப்படித் தூங்கும்?”

ஆறு வயதில் மகள் அப்பாவிடம் கேட்டது. துக்கத்துக்கு வந்தவர்களிடம் அத்தை அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எந்நேரமும் இப்படித்தான். கேள்வி கேட்டே எங்கண்ணனைக் கொன்னா” என்றவள், சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

மகள் அப்பாவின் கட்டிலிலிருந்து விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். அடக்கம் காலையிலேயே முடிந்துவிட்டது. மெத்தையில் அவர் படுத்திருந்த பள்ளம் இன்னும் மேலெழவில்லை. அதைத் தட்டிச் சமன் செய்யக் கையை ஓங்கியவள், மனசு வராமல் விட்டுவிட்டாள்.

கட்டிலுக்கு நேர் எதிரே மீன்தொட்டி. ஒரு காலத்தில் அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். கீழே குட்டையான புல், நடுவில் ஒரு வேர்க்கட்டை, பின்னால் ரிப்பன் போல நீண்ட இலைகள், ஊடே சிவப்புக் கோடு போட்ட சிறு மீன்கள். இப்போது கண்ணாடி முழுக்கப் பச்சை பூத்திருந்தது. இலைகளில் நூல்பாசி, சீப்பில் சிக்கிய முடி போலத் தொங்கியது. மேலே அண்ணன் வாங்கி மாட்டிய புது விளக்கு மட்டும் வெள்ளைவெளேரென்று எரிந்துகொண்டிருந்தது.

“இந்த நாத்தத்தை இன்னும் எத்தனை நாளைக்குங்க வச்சிருக்கறது?” என்றாள் அண்ணி, தணிந்த குரலில்.

“சாயங்காலம் மீன் கடைக்காரர் வந்து எடுத்துக்கறேன்னிருக்காரு” என்றான் அண்ணன்.

“அதை ஏண்டா விரட்டறீங்க?” என்றாள் அத்தை. “மகளை விட்டாக் கடைசி வரைக்கும் அவனுக்குத் துணை அதுதானே. நாமெல்லாம் போன்லதானே இருந்தோம்.”

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. “நான் சும்மாவா இருந்தேன் அத்தை? அவர் பக்கவாதத்துல படுத்ததும் லீவு போட்டு வந்து இந்த லைட்டை மாட்டினது யாரு? பழசு நேரமானா தானா அணைஞ்சிடும். அதைக் கழட்டிப் போட்டுட்டு, அப்பா எப்பக் கண்ணு முழிச்சாலும் மீன் தெரியணும்னு ராத்திரி பகலா எரிய விட்டோம். பேச்சுதான் போச்சு, மீன் ஞாபகம் போகல அவருக்கு. கையைத் தூக்கித் தொட்டியைக் காட்டுவாரு. அப்புறம் இப்படி...”

கதவருகே நின்றிருந்த அண்ணன், கையை நீட்டி, விரித்த ஐந்து விரல்களையும் மெல்லக் குவித்தான்.

“தீனி போடுன்னு. உடனே தங்கச்சி ஓடிப்போய் ஒரு சிட்டிகை போட்டுடுவா.”

“ஒரு தடவையா கேட்டாரு? போட்ட கொஞ்ச நேரத்துல மறுபடியும் கையைத் தூக்குவாரு” என்றாள் அண்ணி. “குழந்தை மாதிரி. இவளும் சலிக்காம இன்னொரு சிட்டிகை போடுவா.”

“குடுத்து வச்ச மனுஷன்” என்றார் வந்திருந்தவர்களில் ஒருவர்.

மகள் விரிப்பும் கையுமாக நின்றுவிட்டாள். அண்ணனின் கை அப்பாவின் கை போலவே இருந்தது. அதே நீள விரல்கள். அதே போலக் கதவருகே.

அவள் சிறுமியாக இருந்தபோது தொட்டி பிள்ளைகள் படுக்கும் அறையில் இருந்தது. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் குழிகளின் இருட்டில் வேலை செய்துவிட்டு வருவார். தான் படுக்கப்போகும் முன் கதவருகே வந்து நிற்பார். அண்ணன் விழித்துக்கொள்வான் என்று வாய் திறக்கமாட்டார். கையால் தொட்டியைக் காட்டுவார். விரித்த விரல்களைக் குவிப்பார். அணைக்கட்டுமா? இருட்டென்றால் நடுங்கும் அவள், போர்வைக்குள்ளிருந்து வேண்டாமென்று தலையாட்டுவாள். சிரித்துக்கொண்டே எரியவிட்டுப் போய்விடுவார். இமையைப் பற்றி அவள் கேட்டது அந்த நாட்களில்தான். “அதுங்க கொஞ்ச நாள் தூங்காட்டிப் பரவாயில்ல. ஆந்தை தூங்கட்டும்” என்றார். ஆந்தை என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர்.

விளக்கு எரிய எரியப் பாசி பிடித்தது. லீவு நாளில் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் சுரண்டிக்கொண்டிருப்பார். “பாசி எங்கிருந்தோ வர்றதில்ல ஆந்தை. நாம குடுக்கறதுதான். வெளிச்சம் கூடிப்போச்சு, தீனி கூடிப்போச்சுன்னு அர்த்தம்.” கூடிப்போனது யாரால் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. கதவருகே அவர் விரல் குவித்ததற்கு அவளாகவே சரியென்று தலையசைத்த இரவு வரை, சுரண்டிக்கொண்டேதான் இருந்தார்.

அதே கையைத்தான் அவர் இந்தக் கட்டிலிலிருந்து தூக்கியிருக்கிறார். ஒவ்வொரு சிட்டிகைக்குப் பிறகும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். திருப்தியாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். இழுத்துக்கொண்ட பக்கத்துக் கண் அவருக்கு முழுதாக மூடாது. அப்பா ராத்திரியெல்லாம் தூங்குவதே இல்லை என்று டாக்டரிடம் சொன்னவளும் அவள்தான்.

யாரும் வெறுப்பில் எதையும் செய்யவில்லை. இருந்த அன்பையெல்லாம் வெளிச்சமாகவும் தீனியாகவும் அள்ளிப் போட்டார்கள். கடவுள் இதை யார் பேரில் எழுதுவாரோ.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு அண்ணன் அவள் பக்கத்தில் வந்து நின்றான். பயணத்திலும் அழுகையிலும் கண்கள் சிவந்திருந்தன.

“வேற ஒண்ணும் செய்யல நான். இந்த லைட்டையாவது போட்டுக் குடுத்தேன், இல்ல?”

அந்தக் கை கேட்டது தீனியல்ல என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் பாரம் பாதியாகும். இனி விளக்கு என்று எதைப் பார்த்தாலும் அவனும் அந்த விரல்களைப் பார்ப்பான். பார்க்கட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. அவன் குழந்தை போல அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“ஆமாண்ணா” என்றாள். “நல்லா வெளிச்சமா இருந்துச்சு.”

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையசைத்தான்.

“தொட்டி இருக்கட்டும்ணா. கடைக்காரரை வர வேணாம்னு சொல்லிடு.”

“உனக்கென்ன பைத்தியமா? இதை யாரு சுத்தம் பண்றது?”

“நான்.”

அவன் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டான். அத்தையை ரயிலேற்ற அண்ணனும் அண்ணியும் காரில் போனார்கள். “நீ கொஞ்சம் படு” என்று அண்ணி வாசலிலிருந்து சொல்லிவிட்டுப் போனாள்.

கார் சத்தம் தேய்ந்ததும் அவள் உடையின் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். தொட்டிக்குக் கீழிருந்த அலமாரியில் அந்த அட்டை கிடந்தது. ஓரம் தேய்ந்து, அவர் கட்டைவிரல் பிடிக்கும் இடத்தில் வளைந்திருந்தது. அந்த வளைவில் தன் விரலை வைத்துக் கண்ணாடியைச் சுரண்டினாள். பச்சை சுருள்சுருளாகக் கழன்றது. நூல்பாசியைப் பல்துலக்கும் பிரஷ்ஷில் சுற்றிச் சுற்றி எடுத்தாள். அழுகிய இலைகளைக் கத்தரித்தாள். அடியில் பஞ்சு போல மக்கிக் கிடந்தது, அவள் போட்ட தீனி. அதைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியேற்றி, பிடித்து வைத்திருந்த தண்ணீரை வாளியிலிருந்து மெதுவாக ஊற்றினாள். வேர்க்கட்டையின் அடியிலிருந்து ஒரு மீன் வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

வெளியே இன்னும் வெயில் இருந்தது. ஜன்னல் திரைகளை இழுத்து மூடினாள். அப்பாவின் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றாள். கட்டிலைப் பார்த்தாள். கையைத் தூக்கித் தொட்டியைக் காட்டி, விரித்த விரல்களை மெல்லக் குவித்தாள்.

சற்றுப் பொறுத்தாள்.

பிறகு விளக்கை அணைத்து, தொட்டியை நாலு பக்கமும் போர்வையால் மூடினாள். அதன் ஓரங்களை உள்ளே செருகிவிட்டாள். கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்தாள். மெத்தையில் இருந்த பள்ளம் இருட்டில் தெரியவில்லை.