பாவு நூலில் கட்டிய கால்

சங்கரன்கோவிலில் சுந்தரராஜ் நடத்திய குடிநோயாளிகள் இல்லத்தில், சேர்ந்திருப்பவன் குடித்தால், எங்கே போனாலும் கால் தரையில் படாது. ஒரு சாண் உயரத்தில் நிற்பான், அதிகம் குடித்தால் இன்னும் உயரத்தில். போதை இறங்கினால் அவனும் இறங்குவான். திருவேங்கடம் சாலையில் சும்மா கிடந்த ஒரு விசைத்தறிக்கூடத்தைக் கேட்டு வாங்கி இல்லம் தொடங்கிய முதல் வாரமே இது தெரிந்துவிட்டது. அதனால் அங்கே யாரும் யாருடைய வாயையும் மோந்து பார்த்ததில்லை. சுந்தரராஜ் தறி ஓட்டியவர். குடித்துக் குடும்பத்தைத் தொலைத்து, பிறகு தானாகவே விட்டவர். சேர வருகிறவனின் மணிக்கட்டில், தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு நூலைப் பல சுற்றாகச் சுற்றிக் கட்டி, "இன்னைக்கு ஒரு நாள் குடிக்காம இரும் வே. நாளைக்கு உள்ளத நாளைக்குப் பாப்போம்" என்பார். டாக்டர் வந்து மாத்திரை கொடுக்கத்தான் செய்தார். ஆனாலும் சேர்ந்தவர்களின் மனைவிமார் நம்பியது அந்த நூலைத்தான்.

பனவடலிசத்திரத்துச் சுடலைமணி அங்கே சேர்ந்துதான் குடியை விட்டான். "அண்ணாச்சியாலயே விட முடிஞ்சிருக்கு, என்னால முடியாதா?" என்பான். அந்த நன்றிக்காகவே அவன் மனைவி பொன்மணி இல்லத்துக்குச் சமையலுக்கு வந்தாள். வருடங்கள் போயின. இல்லத்துக்கு விருது வந்தது, சுந்தரராஜுக்குத் தரையைக் கூட்டுகிற நீளத்தில் வேட்டி வந்தது. பெரிய மனுசனாகிவிட்டார், உடுத்தட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஓர் ஐப்பசி மழையில் எல்லோரும் காலில் கரிசல் மண்ணை அப்பிக்கொண்டு வர, சாப்பிட உட்கார்ந்த சுந்தரராஜின் பாதம் மட்டும் கழுவி வைத்த மாதிரி இருந்ததைப் பொன்மணி பார்த்தாள். அவரை நம்பின அளவுக்குச் சாமியைக்கூட அவள் நம்பியதில்லை. ஆனால் புருஷன் காதுக்கு எட்டினால் அன்றைக்கே அவன் பிராந்திக் கடைவாசலில் நிற்பான். அதனால் மறுநாளிலிருந்து அவர் போகிற வழியெல்லாம் ஈரத்தரையில் அவருடைய செருப்பை அழுத்தித் தடம் பதித்துவைத்தாள். பதிக்கும்போதே வாயில் வந்தபடி திட்டினாள். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு அந்தத் தடங்களுக்கு மேலேயே மிதந்து போனார்.

அடுத்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இல்லத்தார் மோர்ப்பந்தல் போட்டிருந்தார்கள். ஆடிக் காற்று வேட்டியைத் தூக்கியது. தேரடிக் கூட்டம் பார்க்க, சுந்தரராஜ் முழ உயரத்தில் நின்றார். சித்தர் என்று சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் அவர் காலுக்குக் கீழே கற்பூரமே ஏற்றிவிட்டார். இல்லத்து ஆட்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொன்மணி புருஷனின் கால்களையே பார்த்தாள். சுடலைமணி மோர் வாளியைக் கீழே வைத்தான். "எங்களையெல்லாம் விட வச்சிட்டு நீரு இப்படிப் பண்ணிட்டீரே அண்ணாச்சி" என்று அழுதான். அப்புறம் தன் மணிக்கட்டு நூலை அவிழ்த்தான். பொன்மணிக்கு உயிரே போய்விட்டது. அவன் அதைச் சுந்தரராஜின் கணுக்காலில் கட்டி, முனையைப் பிடித்து, கும்பிடுகிறவர்களை விலக்கிக்கொண்டு இல்லத்துக்கு இழுத்து வந்தான்.

இப்போது நூல் கட்டுவது சுடலைமணி. சுந்தரராஜும் அங்கேதான் இருக்கிறார், நூல்முனை ஜன்னல் கம்பியில். சில நாள் தரைக்கு வருவார், சில நாள் வரமாட்டார். புதிதாக வருகிறவர்கள் அவர் யாரென்று கேட்டால், "அவரும் இங்கன சேந்தவருதான்" என்பார்கள். பொன்மணி அவர் இருக்கிற உயரத்துக்குச் சோற்றுத்தட்டைத் தூக்கிக் கொடுக்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.