கொக்கியில் விழும் பாரம்

அறுபதுவரை ஒரு குறையும் இல்லை. வேகமுள் அறுபதைத் தாண்டியதும் பின்னால் வரும் டிரெய்லர் மெல்ல வாலாட்டத் தொடங்கும். முதலில் இடப்பக்கம் ஒரு சாண், பிறகு வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் அதிகம், அதற்குப் பிறகு இழுத்துப்போகும் பிக்கப்பையே பின்பக்கமாகப் பிடித்து உலுக்கும். பிரேக்கைத் தொட்டால் இன்னும் மோசம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறையும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்க வேண்டியதுதான்.

“உன் வண்டிக்கு ரொம்ப சந்தோஷம்யா, வாலை எப்படி ஆட்டுது பாரு,” என்றார் பக்கத்தில் இருந்த வெல்டர். கதவுப் பிடியிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை. “என்னை இங்கயே இறக்கி விடு. நான் பஸ்ல வந்துடறேன்.”

ஓட்டிக்கொண்டிருந்த லிஃப்ட்காரர் சிரிக்கவில்லை. முப்பது வருடமாக அடுக்குமாடிகளில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஒரு பெட்டி மேலே போனால் அதற்குச் சமமான இரும்புப் பாரம் கீழே இறங்க வேண்டும், அவ்வளவுதான் லிஃப்ட் என்பது. மீதியெல்லாம் பட்டன்தான் என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்வார். பாரத்தைச் சமன்செய்யத் தெரிந்தவருக்கு இந்த ஆட்டம் பிடிபடவில்லை என்பதுதான் அவமானமாக இருந்தது.

அவர் செய்யாதது ஒன்றும் பாக்கி இல்லை. பழைய பிக்கப்பை வாங்கி, மலைப்பாதைக் கற்களில் அடி தட்டாதபடி கொஞ்சம் தூக்கிவைத்து, கனமான டயர் போட்டார். ஆட்டம் தொடங்கியபின் பின்சக்கர ஸ்பிரிங் பட்டையில் ஒரு தகடு கூட்டினார். டயரில் காற்றை ஏற்றிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார். கொக்கியை உயர்த்தினார், தாழ்த்தினார். ஒவ்வொரு முறையும் வெல்டரைக் கூட்டிக்கொண்டு புறவழிச் சாலைக்கு வருவார். ஒவ்வொரு முறையும் முள் அறுபதைத் தாண்டும்.

“முன்னாடி பாரம் பத்தலைன்னு நினைக்கிறேன்,” என்றார் வெல்டர்.

“அதெல்லாம் இருக்கு. போட்ட கணக்கு.”

வெல்டர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டதும் மனைவி சமையலறை ஜன்னலிலிருந்தே தொடங்கினாள். “இங்க குழாய் ஒழுகி மாசக்கணக்காச்சு, அதுக்கு ஒரு வாஷர் மாத்த நாதியில்ல. காட்டுக்குப் போய் குழாய் வச்சு பாத்திரம் கழுவப் போறாராம்.” குடும்பத்தோடு காட்டில் தங்கிவர அவரே கட்டிய டிரெய்லரின் பின்கதவைத் திறந்தால் அந்தக் குழாய் இருக்கும். இழுத்தால் வெளியே வரும் அடுப்புத் தட்டு, மடக்கு மேசை, அதற்கடியில் பெரிய தண்ணீர்த் தொட்டி. நடுவில், சக்கர அச்சுக்கு மேலே, மூன்று பேருக்கான சுருட்டிய படுக்கைகள். பிக்கப்பின் கூரையில் நாலாவது ஆளான மகனுக்குக் கூடாரம். பெரியவனுக்கு உயரத்தில் படுக்கத்தான் பிடிக்கும்.

சின்னவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு வந்தாள். கல்லூரி கடைசி வருடம். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். “இன்னைக்கும் ஆடுச்சா?”

கேட்க ஓர் ஆள் கிடைத்தால் அவருக்குப் போதும். “நீ ஒரு நீள ஏணியைத் தோள்ல தூக்கிட்டுப் போறேன்னு வச்சுக்க. முன்பக்கம் கொஞ்சம் கனமா இருந்தா ஏணி உன்கூட நேரா வரும். பின்பக்கம் கனமாச்சுன்னா? நீ ஒரு பக்கம் திரும்புவ, அது உன்னை இன்னொரு பக்கம் தள்ளும். டிரெய்லரும் அப்படித்தான். மொத்தப் பாரத்துல பத்துல ஒரு பங்குக்குக் குறையாம மூக்குல இருக்கணும், அதாவது கொக்கி மேல. நம்ம வண்டில அது இருக்கு. அதான் புரியல எனக்கு.”

“இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“அளந்தேன்ல.”

“எப்போ?”

அவர் கொக்கியில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தார். சின்னவள் உள்ளே போய்க் குளியலறையில் கிடந்த எடை பார்க்கும் மெஷினை எடுத்துவந்தாள். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று தெரிந்ததும் அவருக்கு ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது. தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்கிறதா என்று தட்டிப்பார்த்தார். டிரெய்லரைப் பிக்கப்பிலிருந்து கழற்றி, மெஷினின் மேல் பலகை வைத்து, அதன்மேல் மூக்கை மெதுவாக இறக்கினார்கள்.

சின்னவள் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிராமலே சொன்னாள். “என் வெயிட்டுல பாதி கூட இல்லப்பா.”

“மெஷின் கெட்டுப்போயிருக்கும்.”

“காலையிலதான் ஏறி நின்னேன். என்னைப் பத்தி உண்மையைத்தான் சொல்லிச்சு.” சிரிக்க முயன்றாள். முடியவில்லை. “அப்பா, நீங்க அண்ணன் பைக்கையும் சேத்து எண்ணுறீங்களா?”

டிரெய்லரின் முன்பக்கம், மூக்கை ஒட்டி, ஒரு மோட்டார் பைக் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. சக்கரம் பொருந்த இரும்பில் ஒரு பள்ளம், அதன் இரு கரையிலும் பெயின்ட் சுரண்டாதிருக்க ரப்பர். பெரியவனின் பைக்கை அங்கே நிறுத்தித்தான் அவர் பாரத்தை அளந்தார். அந்தப் பைக்குக்கு எதிரெடையாகத்தான் தண்ணீர்த் தொட்டியைக் கடைக்கோடியில் வைத்தார். அளந்த அடுத்த வாரம் தகப்பனும் மகனும் சண்டை போட்டார்கள். அவர் பார்த்து வைத்த வேலைக்கு அவன் போகமாட்டேன் என்றதில் ஆரம்பித்தது. “இந்த வீட்ல எல்லாமே உங்க கணக்குப்படிதான் நடக்கணுமா?” என்று கேட்டுவிட்டு அதே பைக்கில் ஏறிப் போனவன், அதன்பின் அவர் அழைப்பை எடுத்ததில்லை. டிரெய்லர் முடிந்ததும் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினார். பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

ஒவ்வொரு முறை சாலைக்குப் போனபோதும் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் மனசுக்குள் அங்கே பைக் நின்றது. இது தொழில் தெரியாதவன் செய்கிற தப்பல்ல.

“வரும்போது கொண்டுவருவான்ல,” என்றார். “அப்போ சரியாயிடும்.”

“அண்ணன் பைக்கை வித்துட்டான்பா.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் வாசற்படியைப் பார்த்தாள். மனைவி ஈரக்கையோடு அங்கே நின்றிருந்தாள்.

“உனக்கும் தெரியுமா?”

“தெரியும்.”

“பேசறானா உங்கிட்ட?”

“எப்பவாவது.” முந்தானையில் கையைத் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். “போன ஊர்லயே இருந்துடப் போறானாம். வரமாட்டேன்னு முடிவா சொல்லிட்டான். உங்ககிட்ட யார் சொல்றது? இந்த வண்டிக்குக் கீழ படுத்துட்டு இருக்கும்போதுதான் நீங்க கொஞ்சம் மனுஷனா இருக்கீங்க.”

ஜன்னலிலிருந்து கத்தியதெல்லாம் கோபமில்லை, இதைச் சொல்லாமல் மறைக்கத்தான் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அவர் டிரெய்லரின் முன்விளிம்பில் உட்கார்ந்தார். ஆள் உட்கார்ந்ததும் மூக்கு அழுந்த, மெஷினின் முள் சரசரவென்று ஏறி, இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வெல்டர் கிரைண்டரோடு வந்தார். சக்கரப் பள்ளத்தைக் காட்டி, “வெட்டிடவா?” என்று ஒருமுறைதான் கேட்டார். லிஃப்ட்காரர் தலையசைத்துவிட்டு, தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றப் போனார். பொறி பறந்த நேரமெல்லாம் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ரப்பர் கருகிய வாடை மட்டும் வந்தது.

சாயங்காலம் புறவழிச் சாலையில் சின்னவள் பக்கத்தில் இருந்தாள். முள் அறுபதைத் தொட்டது, தாண்டியது, எழுபதுக்கு வந்தது. அவர் கண் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. டிரெய்லர் கோடு போட்டதுபோல் பின்னால் வந்தது.

“ஆடல,” என்றாள் சின்னவள்.

“ஆடாது,” என்றார். “தண்ணித் தொட்டியை அச்சுக்கு முன்னால, அந்தக் காலி இடத்துல வச்சுட்டா ஆடாது.”