வாசலில் குழி வேண்டாம்

பின்கட்டில் ஆறு தறிக்குழி. ஒவ்வொரு குழியிலும் ஒருத்தன் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு பொழுது சாயும்வரை மிதிக்கிறான். பட்டு நீள நீள முன்கட்டில் மாடி உயர்கிறது. இத்தனை குழியின் புண்ணியத்தில் பிழைக்கிற தணிகாசலத்துக்கு, வாசலில் ஒரே ஒரு குழி தோண்ட மட்டும் மனசு வரவில்லை. அந்த மனுஷர் ஒன்றை வேண்டாமென்று சொல்லிவிட்டால் சாமியே இறங்கி வந்து கேட்டாலும் வேண்டாம்தான். கட்டிக்கொண்ட மஹாலட்சுமிக்குத் தெரியாதா?

குழி கேட்டது கார் சார்ஜர். எதிர்க்கடை சீனிவாசன் கரண்டு கார் வாங்கிவிட்டான் என்றதும் இவருக்கும் ராத்தூக்கம் போய்விட்டது. போதாததற்கு ஆரணியிலிருந்து பட்டு வியாபாரக் குடும்பம் ஒன்று மகள் ஏலவார்குழலியைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தது. வருகிறவர்கள் இறங்கும்போது போர்ட்டிகோவில் வெள்ளைக் கார் நிற்க வேண்டும், சுவரில் சார்ஜர் பச்சையாக மினுக்க வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கனவு. கார் வந்து நின்றுவிட்டது.

சார்ஜர் கம்பெனியிலிருந்து பாலாஜி என்ற பையன் வந்தான். சின்னது, பெரியது என்று இரண்டு தினுசு காட்டினான்.

"உங்க ஓட்டத்துக்கு சின்னதே தாராளம் சார். ராத்திரி சொருகிட்டா காலைல ஃபுல்லு."

"சீனிவாசன் வீட்ல இன்னா மாட்டிக்கிறான்?"

"பெரிசு சார்."

"அப்ப பெரிசு. இதுல கேள்வி இன்னாபா?"

பெரியதையே மாட்டினார்கள். பூ வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, கற்பூரம் காட்டிச் சொருகினால் சனியன் சிவப்பு விளக்கைக் காட்டியது. பிடுங்கிச் சொருகினார்கள், அப்போதும் சிவப்பு. பாலாஜி மீட்டரை வைத்து இங்கும் அங்கும் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"வீட்டுக்கு எர்த்தே இல்ல சார். வாசல்ல டைல்ஸ் போட்டப்ப பழைய எர்த் கம்பிய அறுத்து விட்டுட்டாங்க போல. இங்கயே ஆள் உயரத்துக்கு ஒரு குழி தோண்டி, பைப் எறக்கி, கரியும் உப்பும் கொட்டணும். அது ஆனதும் கூப்பிடுங்க, வந்து ஆன் பண்ணித் தரேன்."

"வாசல்ல ஆள் உயரக் குழியா?" தணிகாசலத்துக்கு முகம் கறுத்துவிட்டது. "பொண்ணு பார்க்க வர்ற நேரத்துல வாசல்ல குழி தோண்டி வெச்சா வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? சாவு வீடுன்னு திரும்பிப் போயிடுவாங்க. கல்யாணம் முடியட்டும், அப்பறம் பத்து குழி தோண்டலாம்."

"அதுவரைக்கும் இத போடாதீங்க சார். சில பேரு எர்த் கம்பிய நியூட்ரல்ல கட்டிடுவாங்க. பச்சை லைட்டு வந்துடும், ஆனா தப்பு. நியூட்ரல் எங்கனா வுட்டுப்போச்சுன்னா வீட்ல லைட்டு, ஃபேன் எல்லாம் நின்னுடும். கரண்டு போயிடுச்சுன்னு நெனைப்பீங்க. அப்பத்தான் சார் வண்டி பாடி முழுக்க கரண்டு நிக்கும்."

காபி டம்ளரோடு நின்றிருந்த மஹாலட்சுமிக்கும் இது கேட்டது. பாலாஜி போனபிறகு மெல்ல ஆரம்பித்தாள். "அதுவரைக்கும் வெளிய எங்கனா போய் சார்ஜ் போட்டுக்கலாங்களே."

"நீ இன்னா, இ.பி.ல இன்ஜினியரா? போய் கொழம்பப் பாரு."

வேலையாட்கள் முன்னால் சொன்னார். அவள் வாயை மூடிக்கொண்டு போய்க் குழம்பைப் பார்த்தாள்.

மறுநாள் தெரு எலக்ட்ரீசியன் ஆதிகேசவன் வந்தான். பாலாஜி எதைச் செய்யாதே என்றானோ அதையே கண்மூடித் திறப்பதற்குள் செய்துவிட்டான். பச்சை விளக்கு எரிந்தது. "பாத்தியா, இதுக்குப் போய் குழி தோண்டணுமாம்" என்று தணிகாசலம் தெருவுக்கே கேட்கிற மாதிரி சிரித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மஹாலட்சுமி சார்ஜில் நின்ற காருக்குப் பொட்டு வைக்கப் போனாள். அப்போதுதான் வாசல் தெளித்திருந்தது, பாதமெல்லாம் ஈரம். பானெட்டில் விரல் பட்டதும் சுர்ரென்று முழங்கை வரை ஏறியது. கையை உதறிக்கொண்டு நின்றாள். சொல்லலாமா? சொன்னால் மறுபடியும் இன்ஜினியர் பட்டம் கிடைக்கும். தலையெழுத்தா என்று மீதிப் பொட்டைச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனாள். பிறகு அவள் அந்த வண்டிப் பக்கமே போகவில்லை. வேறு யாரும் போகக் கூடாது என்று சொல்லவுமில்லை.

சொன்னவன் கதிர்வேல். மூன்றாம் தறியில் உட்காருகிறவன். தறி வேலைக்கு வந்தவனை வண்டி கழுவச் சொன்னால் மற்றவன் முறைப்பான், இவன் வாளியைத் தேடுவான். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. நெய்து முடித்த புடவையை மடித்து எடுத்துக்கொண்டு போர்ட்டிகோ வழியாக வந்தவன், முழங்கை வண்டியில் பட்டதும் "ஐயோ" என்று துள்ளினான்.

"மொதலாளி, வண்டிய தொட்டா சுர்ருங்குது. ஷாக்கு அடிக்குது மொதலாளி."

தணிகாசலம் எழுந்து வந்து உள்ளங்கையை அகல விரித்து வண்டிமேல் வைத்தார். அவருக்குச் சர்க்கரை. காலில் புண் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டுக்குள்ளேயும் தடிமனான ரப்பர் செருப்பு. அந்த வீட்டில் செருப்புப் போட்ட கால் அது ஒன்றுதான். பட்டு இருக்கிற இடம் என்று தறிக்காரர்களெல்லாம் தெருவிலேயே கழற்றிவிட்டு வருவார்கள்.

"எங்கடா அடிக்குது? எனக்கு அடிக்கல. உனக்கு மட்டும் அடிக்குதா? தொடு, பாப்போம்."

கதிர்வேல் விரல் நுனியால் தொட்டான், துள்ளினான். பின்கட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "இன்னொரு வாட்டி தொடுறா" என்றார் தணிகாசலம். தொட்டான், துள்ளினான். ஒருத்தன் விசிலடித்தான். சிரிக்கிறவன் எவனும் தானும் ஒருதரம் தொட்டுப் பார்க்கிறேன் என்று முன்வரவில்லை.

"நீங்க செருப்பு போட்டுக்கினு இருக்கீங்க மொதலாளி, அதான்..."

"ஓகோ! என்னை செருப்பக் கழட்டச் சொல்றியா நீ?"

அதோடு சிரிப்பு நின்றது. கதிர்வேல் தலையைக் குனிந்துகொண்டான். "தப்பு மொதலாளி" என்றான். உடனே தணிகாசலம் பெருந்தன்மையாகச் சிரித்தார், எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். மஹாலட்சுமியும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நாலு பேரோடு சிரித்துவிட்டால் தன் முழங்கையில் ஏறியது பொய்யாகிவிடும் போலிருந்தது.

அந்தச் சிரிப்பு கதிர்வேலுவோடு ஒட்டிக்கொண்டது. அவன் தறிக்கூடத்துக்குள் நுழைந்தாலே எவனாவது "சுர்ர்ர்" என்பான்.

ஆரணிக்காரர்கள் வருகிற அன்று விடியும்போதே தூறல். வண்டி ராத்திரியெல்லாம் சார்ஜில் கிடந்தது. கதிர்வேல் வண்டி கழுவ வாளியோடு வந்து போர்ட்டிகோ ஓரமாகத் தயங்கிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் பிடுங்கிட்டா நல்லா இருக்கும்மா."

"ஃபுல்லு ஆவற வரைக்கும் பிடுங்கக் கூடாதுன்னு சொல்லிட்டாருப்பா." சமையலறை ஜன்னல் வழியாகச் சொன்னாள் மஹாலட்சுமி. அவளுக்கு அடுப்பில் கேசரி. மிக்ஸியில் சட்னி. மாடியில் மகள் புடவை மடிப்பு சரியாக வரவில்லையென்று கத்திக்கொண்டிருந்தாள்.

மிக்ஸி நின்றது. சமையலறை விளக்கும் அணைந்தது.

மஹாலட்சுமிக்கு ஏதோ ஒன்று நெஞ்சில் இடறியது. என்னவென்று நினைத்துப் பார்ப்பதற்குள் கேசரி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டே ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

"கதிர்வேலு! கரண்டு போயிடுச்சுப்பா. உன் நல்ல நேரம். வர்றதுக்குள்ள கழுவிடு, இல்லன்னா மறுபடி சுர்ருங்கும்!"

அவன் பல் தெரியச் சிரித்தான். "சரிங்கம்மா." வாளித் தண்ணீரை வண்டியின் கூரையிலிருந்து வழியவிட்டு, ஈரத் துணியோடு இரண்டு கையையும் பானெட்மேல் வைத்தான்.

அவன் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. உடம்பு விறைத்து, நின்றவாக்கில் ஆடி, பின்னால் போய் மல்லாந்து விழுந்தான். வாளி உருண்டு வாசல்வரை போயிற்று.

அவள் அலறிக்கொண்டு ஓடிவந்தாள். தணிகாசலம் குளித்த ஈரத்தோடு, துண்டோடு, அந்தச் செருப்போடு வந்தார். கீழே கிடந்தவனைப் பார்த்தார். பிறகு, செத்தவன் முகத்தைத் தொடுவதற்கு முன்னால், வண்டியைத்தான் தொட்டார்.

"ஒண்ணும் இல்லயே. வீட்லயே கரண்டு இல்ல, வண்டில எப்படி இருக்கும்? வலிப்புதான் இது."

மஹாலட்சுமி தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பாலாஜி அன்றைக்குச் சொன்னது ஒரு எழுத்து விடாமல் காதில் கேட்டது. நான்தானே கழுவச் சொன்னேன், என் வாயால்தானே சொன்னேன் என்று படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தெருமுனை டாக்டர் வந்து நாடி பார்த்தார். "முடிஞ்சிடுச்சு. ஜி.எச்.சுக்கு எடுத்துக்கினு போங்க, அவங்கதான் பாத்து எழுதணும்" என்று சொல்லிவிட்டு நழுவினார். ஆதிகேசவன் ஓடிவந்தான். மெயினை இறக்கி, சார்ஜர் மூடியைத் திறந்து, எதையோ அறுத்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். கூட்டத்தில் ஒருத்தர், "உங்க வீட்ல மட்டும் கரண்டு இல்லயா?" என்றார். "ஃபீஸு போயிருக்குது" என்றான் ஆதிகேசவன், யார் முகத்தையும் பார்க்காமல்.

கதிர்வேலுவின் பெண்சாதி அம்சவேணி வந்தாள். வீட்டில் இழை சுற்றிக்கொண்டிருந்தவள், சுற்றிய நூல் மடியில் ஒட்டியபடியே ஓடிவந்திருந்தாள். புருஷன் மார்பில் விழுந்து அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் நிமிர்ந்தாள்.

"வண்டி ஷாக்கு அடிக்குதுன்னு வீட்ல வந்து சொன்னாரு. எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு சொன்னாரு. எனக்கு அவரு எப்படி செத்தாருன்னு தெரியணும். ஜி.எச்.சுக்கு எடுங்க."

தணிகாசலத்தின் போன் அடித்தது. ஆரணிக்காரர்கள் செய்யாறு தாண்டிவிட்டார்களாம். போனை மடியில் சொருகிக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இத பாரும்மா, கரண்டே இல்லாதப்ப ஷாக்கு எங்கருந்து வரும்? தெருவே பாத்துது. ஜி.எச்.சுக்குப் போனா போலீஸு வரும், உடம்ப அறுப்பான். பாவம், உழைச்ச உடம்பு. மரியாதையா வீட்டுக்கு எடுத்துக்கினு போய் செய்ய வேண்டியத செய்யலாம். எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

அம்சவேணி அவரைப் பார்க்கவேயில்லை. நேராக மஹாலட்சுமியிடம் வந்து காலடியில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா. நீங்களும் எங்கள மாதிரி வெறுங்காலோட அந்த வண்டியச் சுத்தி நடக்கறவங்கதான. உங்கள ஒரு வாட்டியாச்சும் அடிச்சுதா? அடிச்சுதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் இவர அறுக்கக் குடுக்கறேன். இல்லன்னு சொன்னீங்கன்னா இப்பவே வீட்டுக்கு எடுத்துக்கினு போயிடறேன். உங்க வார்த்ததான்."

கூட்டம் முழுக்க மஹாலட்சுமியைப் பார்த்தது. தணிகாசலமும் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை அப்படிக் கெஞ்சிப் பார்த்ததே இல்லை. மாடி ஜன்னலில் ஏலவார்குழலி நின்றிருந்தாள், நெற்றிச்சுட்டியோடு, கண்மை கரைந்து.

"இல்லம்மா" என்றாள் மஹாலட்சுமி. "என்ன ஒரு நாளும் அடிக்கல."

அம்சவேணி இன்னும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. அந்தப் பார்வை மஹாலட்சுமியை என்னவோ செய்தது. இதோடு விட்டால் இவள் மறுபடி கேட்பாள், மறுபடி இல்லையென்று சொல்லத் தன்னால் ஆகாது என்று தோன்றியது. அதற்குப்பிறகு வந்தது யாரும் கேட்காமல் அவள் வாயிலிருந்து தானாக வந்தது.

"போன மாசம் தறில உக்காந்துக்கினு இருக்கும்போதே ஒரு வாட்டி அவனுக்கு கை கால் இழுத்துக்கிச்சுடி. நான்தான் சாவிக்கொத்த கைல குடுத்து, தண்ணி தெளிச்சு எழுப்பினேன். உன்கிட்ட சொல்லலயா?"

"இல்லயேம்மா."

"சொல்லாதீங்கம்மான்னு என் கையப் புடிச்சுக்கினு கேட்டான். அதான் நானும் சும்மா இருந்துட்டேன்."

தணிகாசலம் மூச்சை விட்டார். ஆதிகேசவனை முழங்கையால் இடித்து, அமரர் ஊர்தி வேண்டாம், ஆட்டோவே போதும் என்றார். தறிக்காரர்கள் நாலு பேர் குனிந்து கதிர்வேலுவைத் தூக்கினார்கள். ஒருத்தன் விக்கி விக்கி அழுதான். விசிலடித்தவன்தான்.

அம்சவேணி எழுந்துபோய்ப் புருஷன் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நேரம் அவனுக்காக அழுதவள் இப்போது அவனோடு சண்டைக்கு நின்றாள்.

"ஏன்யா? ஒரே பாயில படுத்தவகிட்ட மறைச்சியா? யார் யார்கிட்டயோ சொன்ன, என்கிட்ட சொல்ல வாய் வரலயா? நான் உனக்கு அவ்ளோ வேத்து மனுஷியா போயிட்டனா?" கையை ஓங்கி, செத்தவன் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு திரும்பி வந்து மஹாலட்சுமியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"வண்டி ஷாக்கு அடிக்குதுன்னு பொய் சொல்லிக்கினு இருந்துருக்காரும்மா. இத மறைக்கத்தான் அத சொல்லியிருக்காரு. நான் கேனச்சி, நம்பிட்டேன். உங்க வீட்டு மேல பழி போடப் பாத்தேனே, மன்னிச்சுடுங்கம்மா."

மஹாலட்சுமி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மடியில் ஒட்டியிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"ஆம்பளைங்களே அப்படித்தான்டி" என்றாள். "மனசுல வெச்சுக்காத."