நூற்று முப்பத்தேழு செங்கல் வரி

நவம்பரில் அந்தக் கீழ்த்தள வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து யோகமலர் ஜன்னலோரக் கதிரையில் இருந்தவள் இருந்தவள்தான். சாப்பிடவும் படுக்கவும் மட்டும் எழும்புவாள். டென்மார்க்கின் எஸ்பியர்க் நகரத்துக் குளிர்காலச் சூரியனை எதிரே நின்ற மூன்று மாடிக் கட்டடம் மறைத்துவிட்டது. மனச்சோர்வுக்கு வைத்தியர் கொடுத்த மாத்திரைகள் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் அவள் கேட்டாள்:

"இஞ்ச வெயில் எப்ப வரும்?"

வாரக்கணக்கில் அவள் கேட்ட ஒரே கேள்வி. கணவன் அந்தோனிதாசனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

போனில் தேடினால் ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டால் பிறகு அவளோடு எதைக் கதைப்பது? பழைய சாமான் கடையில் வாங்கிய, மாலுமிகளுக்கான திரிகோண கணிதப் புத்தகத்தையும் அதற்குள் கிடந்த, சட்டத்தை நகர்த்திக் கணக்குப் போடும் ஸ்லைட் ரூலையும் மேசையில் பரப்பினான். ஜன்னலருகே நின்று, தன் கண்ணுக்கு நேரேயிருந்து எதிர்க்கூரை வரை செங்கல் வரிகளை எண்ணினான். நூற்று முப்பத்தேழு. மூன்று வரிக்கு இருபது சென்டிமீற்றர். முற்றத்தைக் காலடியால் அளந்தான், இருபத்தைந்து மீற்றர். ஸ்லைட் ரூலின் நடுச்சட்டம் வழுக்கி வழுக்கிப் போய் இருபது பாகையில் நின்றது; கூரைக்கு மேலே தெரியச் சூரியன் ஏறவேண்டிய உயரம். மதியச் சூரியன் அந்த உயரத்தைத் தொடும் நாளைப் புத்தகத்தின் பின்பக்க அட்டவணை சொன்னது.

"பெப்ரவரி பத்து, மலர். பன்னிரண்டு நாப்பதுக்கு."

"பிழைச்சா?"

"பிழைக்காது."

சொல்லிவிட்டு வரிகளை மறுபடி எண்ணினான். பிழைத்தால் இனி அவள் எதையும் கேட்கமாட்டாள்.

டென்மார்க் வானத்தை நம்பி நாள் குறித்த மடையனுக்கு அன்று அதிர்ஷ்டம், ஒரு முகில் இல்லை. சொன்ன நிமிடத்தில் கூரை விளிம்பு உருகியது. வெயில் உள்ளே வந்தது. தூசிகள் பொன்னாக மிதந்தன. எல்லாம் யோகமலரின் தலைக்கு மேலே.

கதிரைக்கு அது இறங்கவேயில்லை.

"நான் நிண்டு எண்ணிப்போட்டன்," என்றான் அந்தோனிதாசன். "நீ இருக்கிறதை யோசிக்கேல்லை. கதிரைக்கு வர இன்னும் மூண்டு நாள்."

அவள் அண்ணாந்து பார்த்தாள்.

"மூண்டு நாளோ? ஆர் பாத்துக்கொண்டிருக்கிறது?"

கதிரைக் கைகளை ஊன்றி எழும்பினாள். வெயில் நெற்றியில் பட்டது. குதிக்காலை உயர்த்தினாள், கண்ணிலும் பட்டது. கனவில் நிற்பவள் மாதிரி அப்படியே நின்றாள். அந்தோனிதாசன் வெட்கமில்லாமல் அழுதான்.

"குசினிக்கு எப்ப வரும்?"

"எண்ணிப் பாக்கவேணும்."

"நீங்கள் வேண்டாம். நான் எண்ணுறன்," என்றபடி அவள் சமையலறைப் பக்கம் நடந்தாள்.